ஆஸ்பத்திரியைப் பார்த்துச் சிரித்த முகம்

போன வாரம் ஒரு சவர்க்காரக் கம்பெனி ஆள், என் மகளின் முகம் விளம்பரத்துக்கு லட்சணமாக இருக்கும் என்று கேட்டு வந்தார். நான் போட்ட சத்தத்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்றார்கள் வீட்டில். ஆகிவிட்டதுதான், என் ஆறாவது வயதில்.

அப்போது அப்பா மலாயாவில், சிகாமட் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் கணக்கெழுதும் கிராணி. ஊரிலிருந்து ஆள் சேர்க்க நோட்டீசு வேண்டும் என்று துரை சொல்ல, ஜொகூர் பாருவில் அச்சுக்கூட வேலையிலிருந்த மாமா படப்பெட்டியோடு வந்து இறங்கினார். ஆஸ்பத்திரி என்று பெயருக்கு இருந்த ஒற்றை அறைக்கு வெள்ளையடித்து, கதவில் சிலுவைக் குறியும் வரைந்திருந்தார்கள். எனக்குப் புதுச் சட்டை. மாமாவைப் பார்த்துச் சிரித்தேன்.

"என்னப் பாக்காத கண்ணு. ஆஸ்பத்திரியப் பாத்துச் சிரி. நீ எங்க பாக்குறியோ, படம் பாக்குறவனும் அங்கதான் பாப்பான்."

"பின்னால கூலியாளுங்க லயமும் படத்துல விழுதே மச்சான்," என்றார் அப்பா.

"விழட்டும் லா. புள்ள மூஞ்சி இருக்கறப்ப ஒழுகுற கூரைய எவன் பாக்கப் போறான்?"

அந்த நோட்டீசில் ஆஸ்பத்திரி என்று ஒரு சொல்கூட இல்லை. பொய் எழுதவில்லை என்று மாமா கடைசிவரை சாதித்தார். எவ்வளவு சாமர்த்தியம்! எல்லாவற்றையும் ஒரு சிறுபிள்ளையின் கண்ணைக்கொண்டு சொல்லிவிட்டு, எழுதவில்லையாம்!

கங்காணி அதை ஊர் ஊராகக் காட்டி ஆள் கூட்டிவந்தார். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் என்னைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

"இந்தப் பாப்பாதானே! வைத்தியம் இருக்குற எடம்னு ஒம் மூஞ்சியப் பாத்துத்தான் தாயி கப்பலேறுனேன்."

கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மழைக்காலத்தில் அவள் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. தூக்கிக்கொண்டு ஓடி, அந்த வெள்ளை அறையைத் திறக்கச் சொன்னாள். திறந்தார்கள். உள்ளே உர மூட்டைகளும் மண்வெட்டிகளும் கிடந்தன. மருந்தும் இல்லை, கொடுக்க ஆளும் இல்லை. குழந்தை பிழைக்கவில்லை.

அடக்கம் முடிந்த கையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். கத்துவாள் என்று அம்மா பயந்தார். கத்தவில்லை. அப்பாவின் மேசைமேல் நோட்டீசை விரித்து, படத்தில் என் முகத்தின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள்.

"இப்பப் பாருங்க கிராணி ஐயா."

அப்பா பார்த்தார். சரிந்த கூரைகள், லயத்தின் முன்னே தேங்கிய கறுப்புத் தண்ணீர், அதில் நின்றிருந்த பிள்ளைகள் எல்லாம் அந்தப் படத்திலேயே இருந்தன. அவர் தலை நிமிரவில்லை.

நானோ அம்மாவின் சேலையை இழுத்து அழுதுகொண்டிருந்தேன்.

"அம்மா, என் மூஞ்சிய மறைக்கறாங்க. கையை எடுக்கச் சொல்லுங்க."