மாமா வந்த லொறி

புதன்கிழமை பிற்பகல் மூன்று நாற்பதுக்கு அம்மா என் பள்ளிப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். எல்லாம் பிழையாகத் தொடங்கியது அப்போதுதான்.

எண்பதுகளின் கடைசி. லண்டனில், ரெய்னர்ஸ் லேனில் ஒரு கடைக்கு மேலே குடியிருந்தோம். எனக்கு ஒன்பது வயது. அம்மாவின் தம்பி, என் மாமா, அகதியாக ஜெர்மனிக்குப் போய், அங்கே ஒரு லொறித் தொழிற்சாலையின் கன்ரீன் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். தொழிற்சாலையைப் பார்க்க வருவோருக்குக் கொடுக்கும் ஆங்கிலப் புத்தகம் ஒன்றை எனக்கு அனுப்பியிருந்தார். அந்த நிறுவனத்தின் வரலாறு. முதலில் இரும்பு உருக்கினார்கள். பிறகு அச்சு இயந்திரம் செய்தார்கள். உலகின் முதல் டீசல் என்ஜின், பல வருடம் அடம்பிடித்தபின், அவர்கள் பட்டறையில்தான் ஓடியது. லொறி அதற்கும் பிறகு. இவ்வளவும் எனக்கு மனப்பாடம்.

வகுப்பில் ஐந்து நிமிடம் பேச என் முறை வந்தபோது இதையே பேசினேன். கைதட்டல் போதாது என்று தோன்றவே, கடைசியில் ஒன்றைச் சேர்த்தேன்: இந்த வாரம் என் மாமா அப்படியொரு லொறியில் லண்டன் வருகிறார். அவர் லொறியில் வருவதாக வீட்டில் பெரியவர்கள் தணிந்த குரலில் பேசியதைக் கேட்டிருந்தேன். கம்பெனி ஆளாயிற்றே, சாரதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருவார் என்பது என் கணிப்பு.

ஆசிரியைக்கு ஒரே மகிழ்ச்சி. மாமா எப்போது வருகிறார், வகுப்புக்கு வந்து பேசுவாரா என்று கேட்டு எழுதிவிட்டார்.

அம்மா கடிதத்தோடு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். “விசா இல்லாமல் வாறவனை உன்ரை வாயாலை பிடிச்சுக் குடுத்திட்டியேடி! பிடிச்சால் கொழும்புக்கெல்லோ அனுப்புவாங்கள்!”

“ஆமிக்காரன் வந்து கேட்டும் வாய் திறக்காத குடும்பம்,” என்றார் அப்பா. “இவள் கைதட்டலுக்குச் சொல்லிப்போட்டாள்.”

பதில் எழுதாவிட்டால் சந்தேகம் வருமென்று அப்பா எழுதினார்: மாமாவுக்குக் கொப்பளிப்பான் அம்மை, ஆகவே வர இயலாது.

“வந்து சேராத ஆளுக்கு வருத்தமோ?” என்று அம்மா அழுதுகொண்டே சிரித்தார்.

வியாழன் போனது. மாமாவிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. என்னைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. திரைச்சீலைகளை மூடிவிட்டு, தெருவில் கார்க் கதவு சாத்தும் ஒவ்வொரு தடவையும் அம்மா என் கையை நசுக்கினார். எனக்கும் இப்போது ஒன்பது வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவள் பையில் பள்ளிக் கடிதத்தைக் கண்டால், பிரிக்குமுன் இன்றும் திரைச்சீலையை மூடுகிறேன்.

வெள்ளி பிற்பகல் கதவு மணி அடித்தது. யாரும் அசையவில்லை. கடிதத் துவாரத்தின் வழியே ஒரு கரகரத்த குரல் கேட்டது: “அக்கா, நான்தான். திறவுங்கோ.”

மாமா பாதியாகிப் போயிருந்தார். அம்மா அவர் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். நான் இடையில் புகுந்து, அது என்ன மொடல் லொறி, எத்தனை சில்லில் ஓடும் என்று கேட்டேன்.

“தெரியாது பிள்ளை,” என்றார்.

அந்தக் கம்பெனியிலேயே வேலை செய்த மனிதருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. என் முகம் வாடியதைக் கண்டிருக்க வேண்டும். ஆறுதலாகச் சொன்னார்:

“என்ஜின் எந்தப் பக்கம் எண்டு மட்டும் தெரியும். பின்பெட்டிக்குள்ளை நாங்கள் பதினொரு பேரும் அந்தப் பக்கத்துக்குத்தான் முதுகைக் குடுத்துக்கொண்டு இருந்தனாங்கள். அதிலைதான் கொஞ்சம் சூடு.”