தண்ணீர் கேட்காத தோட்டம்

என் கணவர் எங்கேயும் வரமாட்டார். நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் என்று கண்டாச்சிபுரத்துக்கு அழைத்துப் போனாலும் தாலி கட்டி முடிந்ததும் கிளம்பிவிடுவார். செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமாம். ஓய்வு பெற்ற பிறகு திண்டிவனத்து வீட்டு வாசலில் ரோஜாவும் குரோட்டன்ஸும்தான் அவருக்கு உலகம். மெல்போர்னில் இருக்கும் மகளின் பிரசவத்துக்குக்கூட நான் மட்டும்தான் போனேன். பேத்தியை அவர் படத்தில்தான் பார்த்தார். அந்தச் செடிகள் மேல் எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை.

அங்கே மகள் ஒரு பூங்காவுக்குக் கூட்டிப்போனாள். மண்ணே தெரியாமல் சரளைக்கல் பரப்பி, நடுவில் சாம்பல் நிற இலைகளோடு செடிகள். தண்ணீர்க் குழாயையே காணோம். வேலை செய்துகொண்டிருந்த பெண்ணிடம் மகளை விட்டு விசாரித்தேன். நட்ட முதல் வருஷம்தான் ஊற்றுவார்களாம், பிறகு மழை பெய்தால் உண்டு. அடி ஈரம் காயாமல் கல் காப்பாற்றுமாம். இப்படி ஒரு தோட்டம் இருந்தால் இவர் என்ன சாக்கு சொல்வார் என்று பார்த்துவிட நினைத்தேன்.

நான் திரும்பிய வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றியது. போர்வெல் வற்றி ரோஜா காய்ந்தது. அதுதான் சமயமென்று ஆவாரை, அரளி, காகிதப்பூ, கற்றாழை எல்லாம் நட்டு ஜல்லி பரப்பினேன். மற்றவை பிடித்துக்கொண்டன. கற்றாழை மட்டும் ஒவ்வொன்றாக அழுகியது. ஒரு நாள் ஜல்லியில் வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்த்தேன். அரிசி களைந்த தண்ணீர். எங்கள் தெருவில் அதை யாரும் சாக்கடையில் விடமாட்டார்கள், ஏதாவது செடிக்குத்தான் போகும். இவர் எனக்குத் தெரியாமல் தினமும் கற்றாழைக்கு ஊற்றியிருக்கிறார்.

"ஏங்க, அதுக்குத் தண்ணி ஆகாதுன்னு எத்தினி வாட்டி சொல்றது?"

"நாம மட்டும் வேளாவேளைக்குச் சாப்ட்டுக்கினு, அதைக் காயப்போடறதா? மனசு கேக்கல."

அவர் ஊற்றுவதற்கென்றே கொல்லையில் ஒரு கறிவேப்பிலைக் கன்று வைத்துக் கொடுத்தேன். அடுத்த மழையோ ஒரே மூச்சாகக் கொட்டித் தெருவைக் குளமாக்கியது. மிச்சக் கற்றாழையும் போயிற்று. "இது நான் ஊத்துனது இல்ல" என்றார். சிரித்துவிட்டேன். பிறகு இரண்டு பேருமாகச் செம்மண்ணில் ஜல்லி கலந்து மேடு போட்டு மறுபடி நட்டோம். அடுத்த கோடையில் ஒன்றுகூட வாடவில்லை. கறிவேப்பிலையைப் பார்த்துக்கொள்வதாகப் பக்கத்து வீட்டம்மா சொன்னதும் அவரிடம் சாக்கு தீர்ந்தது. என்னோடு மெல்போர்னுக்கு விமானம் ஏறினார்.

பேத்தியோடு இருந்துவிட்டு இரண்டு பேரும் ஊர் திரும்பிய காலையில் ஆவாரை மஞ்சளாகப் பூத்திருந்தது. அவர் பெட்டியைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாம இல்லாமலே நல்லா இருக்குதே" என்றார். குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

"அதுக்குத்தான இவ்ளோ பாடு" என்றேன்.

அவர் செடிகளை விட்டுத் திரும்பினார். "போன் போடு. நான் இல்லன்னு குழந்தை அழுதுக்கினு இருக்கும்."