எண்பத்திரண்டு கிலோ என்று சொன்னேன்

எஸ்தர் அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய மிக்ஸி ஜாடி ஒன்றுக்கு மூடி தேடிக்கொண்டிருந்தேன். தினேஷ்தான் போன் செய்தான். "சார், அக்கா காலைல தவறிட்டாங்க. நாலு மணிக்கு அடக்கம்" என்றான். உடனே வைத்துவிட்டான். கையில் மூடியோடு நின்ற எனக்கு முதலில் அழுகை வரவில்லை. 'அப்பாடா, இனி அவரிடம் சொல்ல வேண்டியதில்லை' என்ற நிம்மதிதான் வந்தது. என்னைப் பற்றி உங்களில் பலருக்கு ஏற்கெனவே நல்ல அபிப்பிராயம் கிடையாது. இதையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த நிம்மதி பஸ் குரோம்பேட்டையைத் தாண்டுவதற்குள் தீர்ந்துபோனது. அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இதைக்கூட நாலு வரிக்கு ஒருமுறை எழுந்து போய்விட்டு வந்துதான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டிப் பார்க்கக் கூடும் நம் கூட்டத்துக்கு அக்காவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: சேலையூரில் வீல் அலைன்மென்ட் கடை வைத்திருந்தார். அது தொழில். டிராக் ரேஸ் ஓட்டுகிறவர்களின் கார்களுக்கு அடிப்பாகத்தைச் சரிசெய்து கொடுப்பார். அது உயிர். டிராக் ரேஸ் என்பது வளைவே இல்லாத பாதையில் இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று, பச்சை விளக்கு விழுந்ததும் சீறிப் பாய்ந்து, கால் மைலில் முடிந்துபோகிற பந்தயம். தும்மல் வந்தால் பார்க்க முடியாது. "முதல் அறுபது அடிதான் சார் ரேஸ். டயர் ரோட்டைப் பிடிச்சுதா இல்லையான்னு அங்கேயே முடிஞ்சுடும். மிச்சமெல்லாம் சும்மா ஓட்டம்" என்பார் அக்கா. அந்த அறுபது அடிக்காகத் தன் ஐம்பத்து நான்கு வயதிலும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு காருக்கு அடியில் நுழைந்துவிடுவார்.

நான் அவர் கடைக்குப் போனது என் சின்னக் காரைத் தூக்கிக்கொண்டு. வண்டி எப்போதும் வலது பக்கம் சாய்ந்தே நிற்கிறது, ஸ்பிரிங் போய்விட்டது என்று புகார் சொன்னேன். அவர் என்னை இறங்கச் சொன்னார். இறங்கினேன். வண்டி நிமிர்ந்துகொண்டது. ஏறச் சொன்னார். ஏறினேன். சாய்ந்தது.

"கார்ல ஒரு கோளாறும் இல்ல சார்" என்றார், முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு. "உங்க வெயிட் எவ்ளோ?"

கடையில் தினேஷ் இருந்தான். இன்னும் இரண்டு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, "எண்பத்திரண்டு" என்றேன். அது என் கல்யாணத்தன்று உண்மையாக இருந்த எண். அதற்குப் பிறகு என் மனைவியின் சமையலுக்கும் எனக்கும் நடந்த உடன்படிக்கையில் அது தொண்ணூற்றேழு ஆகியிருந்தது. வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். வியாபாரி மாட்டைப் பார்ப்பதுபோல. "ஞாயித்துக்கிழமை ஃப்ரீயா?"

எதற்கு என்பது ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. தினேஷ் நாவலூரில் கணினி வேலை பார்ப்பவன். சம்பளத்தையெல்லாம் பின்சக்கரத்தால் ஓடுகிற ஒரு பழைய பெரிய காரில் கொட்டியிருந்தான். மண்ணிவாக்கத்துக்கு அப்பால், வீடு ஒன்றுகூட எழும்பாத ஒரு மனைப்பிரிவின் சிமென்ட் சாலையில், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு சோதனை ஓட்டம் விடுவார்கள். அக்கா சர்ச்சில் முதல் ஆராதனை முடிந்து, அதே பட்டுப்புடவையோடு நேராக வந்து இறங்கினார். எனக்குப் பின்சீட்டைக் காட்டினார்.

"இன்ஜின் முறுக்குற முறுக்குல வலது பின்டயர் தூக்கிக்கும் சார். தூக்கிச்சுன்னா வழுக்கும், வண்டி கோணிக்கும். அங்க வெயிட் வேணும். எவ்ளோ தள்ளி வெக்கணும்னு பாக்க மூட்டையைத் தூக்கித் தூக்கி மாத்தினா இடுப்பு போயிடும். நீங்கன்னா சொன்னா நகருவீங்க."

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே தொழில்நுட்பப் பதவி அது. "ஜன்னல் பக்கம் போங்க. இன்னும். வயித்தையும் சேத்து எடுத்துட்டுப் போங்க" என்று வெளியிலிருந்து கத்துவார். தினேஷ் கிளட்சை விடுவான். கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு பாயும். என் காலை இட்லி தொண்டை வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். கார் நிற்பதற்குள் அக்கா சாலையில் குனிந்திருப்பார். டயர் விட்டுப்போன இரண்டு கறுப்புக் கோடுகளை டேப் வைத்து அளப்பார். வலது கோடு நீளமாக இருந்தால் வலது டயர் வழுக்கியிருக்கிறது என்று கணக்கு. உடனே ஸ்பிரிங்கில் ஒரு ரப்பர்க் கட்டை. அல்லது டயரில் கொஞ்சம் காற்றுக் குறைப்பு. அல்லது நான் நாலு விரற்கடை நகர்வது. மறுபடி ஓட்டம்.

அவர் உட்கார்ந்து பார்த்தவர்கள் இருந்தால் கை தூக்குங்கள். நின்றபடியே சாப்பிடுவார். பேசும்போது நடப்பார். ஆராதனையில்கூடப் பாட்டுக்கு எல்லோரும் எழுவதற்கு முன்பே எழுந்துவிடுவார் என்று அவருடைய கணவர் சாமுவேல் சார் சொல்வார். ஆனால் காரிடம் மட்டும் பொறுமை. "அவசரம் எனக்கு இருக்கலாம் தினேஷ், கிளட்சுக்கு இருக்கக் கூடாது" என்பார். ஐந்து ஞாயிறுகளுக்குப் பிறகு இரண்டு கோடுகளும் ஒரே நீளத்தில் விழுந்தன. அக்கா டேப்பை மூன்று முறை வைத்துப் பார்த்துவிட்டு, போய்த் தண்ணீர் குடித்தார்.

பந்தயத்தில் ஓட்டுநரைத் தவிர யாரும் உட்காரக் கூடாது. ஆகவே என் இடத்தில் என் எடைக்கு இரும்புத் தகடுகளை போல்ட் போட்டு முடுக்க வேண்டும். கடைக்குப் பக்கத்திலேயே மணியின் காயலான் கடை. அங்கிருந்த பெரிய தராசில் அக்கா தகடுகளை அடுக்கினார். எண்பத்திரண்டு காட்டியதும் நிறுத்தினார்.

மணி என்னைப் பார்த்துச் சிரித்தான். "இன்னா சார், தகடு ஒல்லியா கீதே? நீயும் ஒருவாட்டி ஏறி நில்லேன், டேலி பண்ணிக்கலாம்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த நிமிடம்தான். அப்போது சிரித்துக்கொண்டே ஏறியிருந்தால் ஒரு கேலியோடு போயிருக்கும். நான் அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்து, "ஹலோ, சொல்லுங்க சார்" என்று தெருவுக்கு நடந்துவிட்டேன். பதினைந்து கிலோவைக் காதில் வைத்துக்கொண்டு கேம்ப் ரோடு சிக்னல் வரை போனேன்.

பந்தயத்தன்று என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். பச்சை விளக்கு விழுந்தது. தினேஷின் கார் மூக்கைத் தூக்கியது. வலது டயர் வழுக்கிப் புகைந்தது, கார் கோணியது, அவன் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தான். பக்கத்துக் கார் போயே போய்விட்டது. அக்கா தடுப்புக் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார். திரும்பி வந்த தினேஷ் ஹெல்மெட்டைக் கழற்றாமலே, "அக்கா, நான் சரியாத்தான் விட்டேன்" என்றான். "தெரியும்டா. என் கணக்குதான் எங்கயோ உதைக்குது" என்றார் அவர்.

பதினைந்து கிலோ இவ்வளவு செய்யுமா என்று கேட்பீர்கள். அக்கா வண்டியை விளிம்பில் நிறுத்தியிருந்தார். டயர் காற்று ஒரு பாயிண்ட் கூடினாலே கோடு மாறும் வண்டி அது.

அதற்கடுத்த ஞாயிறு என்னை மறுபடி கூப்பிட்டார். உட்கார்ந்தேன். கார் அம்பு மாதிரி நேராகப் போனது. என்னை இறக்கிவிட்டுத் தகடுகளை வைத்தார்கள். கோணியது. மறுபடி நான், நேர். மறுபடி தகடு, கோணல். அக்கா சாலையின் குறுக்கே இப்படியும் அப்படியும் நடந்தார்.

"நீங்க இருந்தா போவுது, இரும்பு வெச்சா போவல. ஏன் சார்?"

நான் நகைச்சுவை எழுத்தாளன் அல்லவா? வாய் சும்மா இருக்குமா? "மனுஷ வெயிட்டுக்கு உயிர் இருக்குக்கா. இரும்பு குலுங்குமா?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. நின்றுவிட்டார். "குலுங்குறது..." என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். மறு வாரம் தகடுகளுக்குப் பதில் மணல் மூட்டை வந்தது: எண்பத்திரண்டு கிலோ. அதற்கடுத்த வாரம் அரிசி மூட்டை: எண்பத்திரண்டு கிலோ. பிறகு தண்ணீர் கேன்கள், கொஞ்சம் தண்ணீரைக் குறைத்து, சரியாக எண்பத்திரண்டு. நான் போட்ட ஒரு ஜோக்கை அந்தப் பெண் ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டு இரண்டு மாதம் அலைந்தார். ஸ்பிரிங்கை மாற்றினார், ஷாக் அப்சார்பரை மாற்றினார், தன் டேப்பையே சந்தேகப்பட்டுப் புது டேப் வாங்கினார். என்னைச் சந்தேகப்படவில்லை. இயந்திரம் காட்டுவதை மூன்று முறை அளப்பார்; மனிதர் சொன்னால் ஒருமுறை கேட்டுக்கொள்வார். அவர் பழக்கம் அது.

"டயர் பொய் சொல்லாது சார். அப்ப நான்தான் ஏதோ தப்பா கேக்குறேன்" என்று ஒருநாள் சொன்னார். நான் வாயைத் திறந்தேன். தினேஷ் டீயோடு வந்தான். மூடிக்கொண்டேன். இப்படி எத்தனை டீ.

இதற்கிடையில் நம் கூட்டத்தில் பேச்சு கிளம்பியது. கிளம்பியது என்ன, நானும் அந்தப் பேச்சில் உட்கார்ந்திருந்தேன். "அக்கா தண்ணி கேன் வெச்சு ரேஸ் விடுறாங்களாமே", "வயசாச்சுப்பா, கணக்கு நிக்க மாட்டேங்குது." அவரிடம் கார் விட்டிருந்தவர்களில் இரண்டு பேர், கம்ப்யூட்டர் வைத்து அளக்கிற வேறொரு இடத்துக்குப் போய்விட்டார்கள். போகும்போது சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. அக்காவுக்கு அது தெரிந்த அன்று மட்டும் கடையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான் பார்த்தேன். அதைப் பார்த்திருக்கக் கூடாது.

பிறகு அவருக்கு உடம்பு முடியாமல் போனது. இந்த முறை சொல்லிவிடுவது என்று முடிவெடுத்து ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலைச் சாய்த்து நிமிர்த்தும் கைப்பிடியைக் காட்டி, "இதுல ஒரு பக்கம் லூஸா இருக்கு, நர்ஸ்கிட்ட சொன்னா சிரிக்கிறாங்க" என்றார். நான் ஆரம்பித்தேன். "அக்கா, என் வெயிட் விஷயமா..."

அவர் முகம் மலர்ந்தது. "குறைச்சுட்டீங்களா சார்? நல்லது. சுகர் இருக்குல்ல, பாத்துக்கங்க."

"ஆமாக்கா. குறைச்சுட்டேன்" என்றேன்.

அதுதான் நான் அவரிடம் கடைசியாகப் பேசியது.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்தபின் கல்லறைத் தோட்ட வாசலிலேயே சாமுவேல் சாரிடமும் தினேஷிடமும் சொன்னேன். சாமுவேல் சார் கண்ணாடியைத் துடைத்தார். "ஆஸ்பத்திரிலகூட விரல்ல கணக்குப் போட்டுக்கிட்டே இருந்தா தம்பி" என்றார். அவ்வளவுதான். தினேஷ் என்னைத் திட்டியிருக்கலாம். "எவ்ளோ சார்? கரெக்டா சொல்லுங்க" என்று மட்டும் கேட்டான்.

"தொண்ணூத்தேழு."

நம்பவில்லை. என்னை நேராக மணியின் கடைக்குக் கூட்டிப்போனான். ஏறினேன். துக்கத்தில் ஒரு கிலோகூடக் குறையவில்லை. மணி முள்ளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அன்று அவன் கேலி பேசவில்லை.

போன ஞாயிறு பந்தயத்தன்று அக்கா வைத்த அளவுகளுக்கே வண்டியைத் திருப்பி, பதினைந்து கிலோ தகடு மட்டும் கூட்டி ஓட்டினார்கள். இரண்டு கோடுகளும் ஒரே நீளம். தினேஷ் மண்டியிட்டு மூன்று முறை அளந்தான். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "அக்கா கரெக்டாத்தான் வெச்சிருக்காங்க" என்றான்.

ஆகவே அவரை அறிந்தவர்களுக்குச் சொல்கிறேன். அந்தப் பந்தயத்தில் பிசகியது எஸ்தர் அக்காவின் கணக்கு அல்ல. சொல்லாமல் போன அந்த இருவரிடமும் யாராவது சொல்லுங்கள். நம்பாவிட்டால் என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள், எந்தத் தராசிலும் ஏறுகிறேன். அவருடைய திறமையில் எனக்கு எதுவும் ஒட்டவில்லை, பொறுமையும் வரவில்லை. அந்த இருப்புக்கொள்ளாமை மட்டும் வந்திருக்கிறது. அவர் அதை வைத்துக்கொண்டு வண்டிகளை நேராக ஓட வைத்தார். நான் அதை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்துகொண்டிருக்கிறேன்.