சரி என்று சொல்லிவிட்ட வேலை

துடியலூரில் எங்கள் அச்சகம் ஒரே அறைதான். ஓர் ஆஃப்செட் மெஷின், அதை ஓட்ட ஒரு மெஷின்மேன், பிழை திருத்த நான். மகளுக்கு அப்போது இரண்டரை வயது. வெட்டிப்போட்ட காகிதத் துண்டுகளை வைத்து என் காலடியில் விளையாடுவாள். மையைத் தொட்டு வாயில் வைத்துவிடுவாளோ என்ற பயத்தில் ஒரு கண் அவள்மேல், ஒரு கண் புரூஃபின்மேல்.

ஆடி மாதம். கல்யாணப் பத்திரிகை வேலை இல்லை. மெஷின் பாதி நாள் சும்மா நின்றது. கணவர் காகிதம் வாங்க டவுனுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், பஸ் ஸ்டாப் பக்கம் லாட்டரிக் கடை வைத்திருந்தவர் வந்தார். லாட்டரிக்குத் தடை வராத காலம் அது.

“ஏனுங்க அம்மணி, தெனமும் வேலைங்க. லாட்டரி ரிசல்ட் வந்ததும் அந்த நம்பர் தாளச் சாயங்காலத்துக்குள்ள அடிச்சுக் குடுத்தாப் போதுமுங்க. வருசம் பூரா உண்டு.”

தினமும் என்றதும் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. “சரிங்க, திங்கக்கெழமையிலிருந்து அடிச்சுரலாங்க” என்றேன்.

அவர் வண்டிச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் மெஷின்மேனின் மனைவி நினைவுக்கு வந்தாள். சனிக்கிழமைதோறும் கைக்குழந்தையோடு வாசலில் வந்து நிற்பாள். “சம்பளத்த எங்கையில குடுங்கக்கா. அவரு கையில போனா அத்தனையும் லாட்டரிச் சீட்டாயிருதுங்க.” நானும் அவள் கையில்தான் கொடுத்துவந்தேன், நல்ல காரியம் செய்கிற திருப்தியோடு.

மாலையில் கணவரிடம் சொன்னேன். மது, லாட்டரி சம்பந்தப்பட்ட வேலை எடுப்பதில்லை என்று அச்சகம் தொடங்கிய அன்றே இருவரும் ஜெபித்து முடிவு செய்திருந்தோம். அவர் கோபப்படவில்லை. கை மையை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தபடி, “ஒத்துக்கிட்டயா?” என்றார்.

“ஒத்துக்கிட்டேங்க. இப்ப முடியாதுன்னா வாக்குத் தவறினதா ஆகாதுங்களா? அதுவும் தப்புத்தானே?”

“தப்புத்தான். எந்தத் தப்பு யாரு ஊட்டுல போயி விழும்னு பாரு.”

கேட்டுக்கொண்டிருந்த மெஷின்மேன் சிரித்தார். “ஏனுங்க்கா, என் நம்பரு வந்திருக்கான்னு ஊருக்கு முன்னால நானே பாத்துக்கலாம்னு இருந்தேன். கெடுத்துப்போட்டீங்களே!”

மறுநாள் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு லாட்டரிக் கடைக்குப் போனேன். கணவரை அனுப்பியிருக்கலாம். ஆனால் சரி என்று சொன்னது நான்.

“மன்னிச்சுக்கங்க. நாங்க கிறிஸ்தவங்க. இந்த வேலைய எங்களால எடுத்துக்க முடியாதுங்க.”

“கிறிஸ்தவங்களா? மாரியம்மன் கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ் உங்க ப்ரெஸ்ல அடிச்சதுதானுங்களே? அதப் பாத்துத்தான தேடி வந்தேன்.”

“அதப் படிச்சு யாரு ஊட்லயும் அடுப்பு எரியாமப் போகாதுங்க.”

அவர் முகம் லேசாக மாறியது. “ஒருக்கா சொல்லிப்போட்டு மாறுனா உங்க சாமி ஒண்ணும் கேக்காதுங்களா?”

“கேக்குமுங்க. அதுக்குத்தான் நேர்ல வந்தேன்.”

சிரித்துவிட்டார். மகள் கையில் ஒரு மிட்டாயைத் திணித்தார். “சரி உடுங்க. திங்கக்கெழமைக்கு நான் எங்க போறது? பக்கத்துல வேற யாராச்சும் அடிப்பாங்களா?”

அவரை அப்படியே விட்டுவிட்டு வருவது மரியாதையாகப் படவில்லை. ரயில்வே கேட்டைத் தாண்டி இருந்த அச்சகத்தைச் சொன்னேன். வழியும் சொன்னேன்.

அந்த வேலையை விட்டதைச் சொல்லி, எங்களுக்காக ஜெபிக்கும்படி போதகரிடம் கணவர் கேட்டிருந்தார். அதனால் ஞாயிறு ஆராதனையில், சாட்சி சொல்லும் நேரம் வந்ததும், வருசம் பூரா வரக்கூடிய வேலையை உதறிய குடும்பம் என்று போதகர் எங்களைச் சபைக்குச் சொன்னார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கணவர் என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன்.

“முதல்ல நான்தான் சரின்னு சொன்னேன். அப்புறம்தான் மறுத்தோம்.”

ஸ்தோத்திரம் என்றார்கள். உட்கார்ந்துவிட்டேன். வழி சொன்னதைச் சொல்லவில்லை. அது பாவமா, உபகாரமா என்று எனக்கே தெரியவில்லை. தெரியாததை எப்படிச் சாட்சியாகச் சொல்வது?

திங்கட்கிழமை மாலை மெஷின்மேன் ஒரு தாளை விரித்து எண்களை விரலால் தேடிக்கொண்டிருந்தார். தாளின் அடியில் சின்ன எழுத்தில் ரயில்வே கேட் அச்சகத்தின் பெயர். மை சரியாகப் பிடித்திருக்கவில்லை.

சனிக்கிழமை அவர் மனைவி வந்தாள். சம்பளத்தைக் கொடுத்தேன். “நீங்க நல்லா இருக்கோணுங்க்கா” என்றாள், எப்போதும்போல. மகளின் கையிலிருந்த காகிதத்தை வாங்குவதுபோல நான் குனிந்துகொண்டேன்.