பெரியப்பாவுக்கு ஊசி இல்லை

என் அக்காள் கணவருக்குத் தூதரக வாசலில் துப்பாக்கி பிடித்து நிற்கும் வேலை. அதனால் எங்கள் தெருவில் அவருக்கு இருந்த மவுசைச் சொல்லி மாளாது. குழாயடிச் சண்டையில்கூட "துப்பாக்கிக்காரர் வீடு" என்று அக்காவுக்கு வழி விடுவார்கள். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன்.

அந்தத் துப்பாக்கியின் லட்சணம் எனக்குத் தெரியும். எந்தப் பட்டாளமோ கழித்துக் கட்டிய சாமான். அத்தானைவிட வயதில் மூத்தது, அதனால் காவலாட்கள் அதைப் 'பெரியப்பா' என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டையில் விரிசல், விரிசலுக்கு மேலே கம்பிச் சுற்று. பட்டாளத்தில் சேரப் போய்க் கண் பரிசோதனையில் திரும்பி வந்த அத்தானுக்கு, பட்டாளத்துத் துப்பாக்கியாவது கிடைத்ததே என்று ஒரு சந்தோஷம்.

ஒருமுறை தூங்கி வழிந்த காவலாள் ஒருவர் கையில் இதேபோல ஒன்று வெடித்து, தூதரின் கார்க் கண்ணாடி நொறுங்கியது. மறுநாளே பாதுகாப்பு அதிகாரி எல்லாத் துப்பாக்கிகளிலிருந்தும் ஊசியைக் கழற்றி வாங்கிக்கொண்டார். விசையை இழுத்தால் தோட்டாவின் பின்புறம் போய் இடிக்குமே, அந்த ஊசி. அது இல்லையென்றால் துப்பாக்கி வெறும் தடிதான். வெளியே மூச்சு விட்டால் வேலை போய்விடும் என்றும் எச்சரித்தார். அத்தான் என்னிடம் மட்டும் சொல்லிவிட்டார். ஒருவரிடமாவது சொல்லாவிட்டால் மனிதருக்கு வயிறு வெடித்துவிடும்.

"அப்ப அதை வச்சுக்கிட்டு எதைத்தான் காவல் காக்கறீங்க அத்தான்?"

"ஆடாம பிடிக்கணும் மாப்ள. ஆடுச்சுன்னா பொம்மைன்னு கண்டுபிடிச்சிருவாங்க."

பயிற்சியே அதற்குத்தான். தோளில் ஏற்றிக் குறிபார்க்கும்போது குழலின்மேல் ஒரு நாணயத்தை வைப்பார்கள். அது விழக் கூடாது. அத்தான் பிடித்தால் விழாது. வாழ்க்கையில் அவர் பீற்றிக்கொண்டது அது ஒன்றைத்தான்.

அவருடைய ஒரே மகள் நர்சிங் படித்துவிட்டு, அந்தத் தூதரகத்தின் நாட்டிலேயே ஓர் ஆஸ்பத்திரியில் வேலை வாங்கியிருந்தாள். விசா மட்டும்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்து, யாருக்கும் விசா இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். காரணம் கேட்டு வாசலில் கூட்டம் கூடியது. "நீ அந்தப் பக்கம் வராதம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் அத்தான் வேலைக்குக் கிளம்பினார். அவள் யார் பேச்சைக் கேட்டாள்? பிடிவாதத்தில் அப்பாவை உரித்து வைத்தவள்.

கூட்டம் கம்பிக் கதவை உலுக்கியது. ஒரு கீல் பிய்ந்தது. "குறி வைங்க!" என்று அதிகாரி கத்தினார். அத்தான் தூக்கிப் பிடித்தார். குழலுக்கு நேர் எதிரே, கம்பியைப் பற்றியபடி மகள் நின்றாள். நகர்த்தினால் அங்கே இன்னொருவர் பெற்ற பிள்ளை. இறக்கினால் கதவோடு கூட்டமும் உள்ளே வந்துவிடும், குட்டும் உடைந்துவிடும். என்னதான் செய்வார்? அப்படியே நின்றார். கூட்டம் மிரண்டு பின்வாங்கிக் கலைந்தது. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. அதிகாரி அத்தானின் முதுகில் தட்டிக் கொடுத்தாராம், அந்த ஆள் கை விளங்காமல் போக!

சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். அக்கா அழுது ஓய்ந்திருந்தாள். மகள் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாவைப் பாரும்மா," என்றார் அத்தான்.

"பாத்தேனே. ஒத்தக் கண்ணை மூடிக்கிட்டு நீங்களும் என்னைப் பாத்தீங்க." அவள் நிமிரவில்லை. "கைகூட நடுங்கலையேப்பா."

அத்தான் என் முகத்தைப் பார்த்தார். சொல்லித் தொலையுங்கள், வேலையாவது மண்ணாங்கட்டியாவது என்று நான் தலையை ஆட்டினேன்.

"அதுல ஊசியே இல்லம்மா. எல்லாத்துலயும் கழட்டிட்டாங்க. வெடிக்கவே வெடிக்காது. உனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு தெரிஞ்சதாலதான் என் கை ஆடல."

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மகள் மட்டும் இப்போதுதான் நிமிர்ந்தாள்.

"இருந்திருந்தா?"

கீழே போட்டிருப்பேன் என்று சொல்ல வேண்டியதுதானே! நான் மனசுக்குள் கத்தினேன். ஒரு பொய்யாவது சொல்லித் தொலைக்கக் கூடாதா இந்த மனிதர்? அத்தான் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இப்போது அவை நடுங்கின.

"தெரியலம்மா," என்றார்.

அவள் மடித்து வைத்த துணியை எல்லாம் உதறிவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து மடிக்கத் தொடங்கினாள்.