அண்ணிக்கு ஒரு விசை

மவுஸை வாலைப் பிடித்துத் தூக்கி அலமாரி உச்சியில் போட்டுவிட்டுத்தான் அவர் எந்தக் கம்ப்யூட்டர் முன்னாலும் உட்காருவார். "இது கைக்கு எட்டுற தூரத்துல இருந்தா புத்தி அது பின்னாடியேதான் போகும்" என்பார். அச்சகத்துக் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பது அவர் தொழில். ஒரு விசையைத் தட்டினால் வேண்டிய புரோகிராம் கண் முன்னால் நிற்க வேண்டும். ஏற்கெனவே திறந்திருந்தால் முன்னுக்கு வர வேண்டும், இல்லையென்றால் புதிதாகத் திறக்க வேண்டும். அதற்கு ஸ்கிரிப்ட், அதாவது கம்ப்யூட்டருக்கான கட்டளை வரிகள், எழுதிக் கொடுப்பது அவருடைய பைத்தியம். கேட்காதவர்களுக்கும் எழுதிக் கொடுப்பார். அவர் தலை தெரிந்தாலே அச்சகக் கணக்குப்பிள்ளை மவுஸை இழுப்பறைக்குள் ஒளித்துக்கொள்வார்.

தன் அண்ணிக்கு எழுதிக் கொடுத்தது மட்டும் காலை வாரிவிட்டது. அண்ணிக்கு வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. மருந்துச் சந்தேகம் கேட்டு வரும் அழைப்புகளுக்கு வீட்டு முன்னறையில் இருந்தபடியே பதில் சொல்லும் புது வேலை. எஃப் எட்டு விசையைத் தட்டினால் மருந்துப் பட்டியல் வர வேண்டும். வந்தது, ஒன்றுக்கு ஐந்தாக. கம்ப்யூட்டர் மூச்சுத் திணறி நின்றுவிட்டது. சேதி கேட்டு அவர் அண்ணி வீட்டுக்கு ஓடினார்.

"தம்பி, இன்னிக்கு மேனேஜரம்மாவும் லைன்ல இருந்து நான் பேசுறதைக் கேக்கப் போறாங்க. இன்னிக்கும் யாரையாவது காக்க வெச்சேன்னா வேலை போச்சு. எனக்கு இந்த வேலை வேணும்ப்பா."

அவருக்கும் உள்ளுக்குள் பயம்தான். காட்டிக்கொள்வாரா?

"அட விடுங்க அண்ணி. நான் எழுதினது என்கிட்டயே வாலாட்டுமா?"

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டுவிட்டு அவர் தட்டினார். ஒன்றுதான் திறந்தது. மறுபடி தட்டினார். அதுவே சமர்த்தாக முன்னுக்கு வந்தது.

"பாத்தீங்களா தம்பி, நான் தொட்டாத்தான் ஒண்ணுக்கு அஞ்சா வருது. இதுக்கும் எனக்கும் ஜென்மப் பகை!"

ஸ்கிரிப்டை வரி வரியாகத் துழாவினார். தப்பு தட்டுப்படவில்லை. எல்லாவற்றையும் மூடினார். "சரி, நீங்க அழுத்துங்க. நான் ஸ்கிரீனைப் பாக்கல, உங்க கையைப் பாக்குறேன்."

அண்ணி இடது கைவிரலால் அழுத்தினார். அழுத்தியவர் எடுக்கவே இல்லை.

"அண்ணி! விரலை எடுக்க மாட்டீங்களா?"

"எடுத்தா கட்டாயிடாது?"

அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அண்ணி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். அங்கே மைக்கின் பொத்தானைப் பேசி முடிக்கும்வரை விடக் கூடாது. விட்டால் குரல் நின்றுவிடும். இங்கேயோ, விசை அழுந்தியிருக்கும்வரை ஸ்கிரிப்ட் திரும்பத் திரும்ப ஓடியது. முதல் பட்டியல் முகம் காட்டுவதற்குள், இன்னும் திறக்கவில்லையாக்கும் என்று அடுத்ததையும் திறந்துகொண்டே போனது.

"சே, என் விரலாலதானா? இனிமே தட்டிட்டு எடுத்துடறேன்."

"வேண்டாம். பதட்டத்துல பழைய பழக்கம்தான் வரும். நீங்க இப்படியே இருங்க, ஸ்கிரிப்ட் மாறட்டும்."

விசையை விடும்வரை மறுபடி ஓடாதே என்று ஒரே ஒரு வரி சேர்த்தார். சேமித்ததுதான் தாமதம், அழைப்பு வந்துவிட்டது. சோதித்துப் பார்க்க ஏது நேரம்? அண்ணி வெளிறிப்போய் அவரைப் பார்த்தார்.

"போனை எடுங்க. பட்டியல் வரும்."

அண்ணி எஃப் எட்டை அழுத்திப் பிடித்தார். "வணக்கம், சொல்லுங்கம்மா... அந்த மாத்திரையா? இதோ இருக்கு. சாப்பாட்டுக்கு அப்புறம் போடணும்மா."

குரல் எங்கேயும் தடுக்கவில்லை. அவர் திரையைத் திரும்பிப் பார்க்கவில்லை. இழுத்தால் தரையில் கிறீச்சிடும் என்று, தான் உட்கார்ந்திருந்த கனத்த மர நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் அறையைவிட்டு வெளியே போனார்.