இரண்டு ஜீப்பு நீள விமானம்

பெரியவளே, சின்னவளே, நம் வீட்டு ஃபிரிட்ஜுக்கு மேல் நிற்கும் விமானத்தை இனி யாராவது பொம்மை என்று சொன்னால், நீங்கள் நின்று விளக்கம் சொல்ல வேண்டாம். இந்த நோட்டை எடுத்துக் கையில் கொடுங்கள். நான் எட்டாவது வரை படித்தவன். எழுத்தில் பிழை இருக்கலாம். அளவில் பிழை இருக்காது.

அந்த விமானம் ஒரு சாணுக்கும் குறைவு. பெயர் நேட். கொசு மாதிரி ஏதோ ஒரு பூச்சியின் பெயராம். அந்தக் காலத்துச் சண்டை ஜெட்டுகளிலேயே ரொம்பச் சின்னது. உங்கள் தாத்தா விமானப்படையில் தரைவேலை பார்த்தவர். பறக்கப் போகும் முன் அதற்கு எண்ணெய் நிரப்பி, மூடிகளைத் திறந்து பார்த்துப் பூட்டியவர். ஜெட்டுச் சத்தத்தில் காது மந்தமாகிப்போய், பாதியிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பதக்கம் கிடையாது, பென்ஷன் கிடையாது. பிறகு சாகும்வரை மலையில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புப் பார்த்தார். ஊருக்கு அவர் அடுப்புக்காரர். அதற்கு முந்தி என்னவாக இருந்தார் என்பதற்கு ஒரே ஒரு போட்டோதான் சாட்சி. கறுப்பு வெள்ளை. அரைக்கால் டவுசரில் தாத்தா நிற்கிறார். விமானத்தின் இறக்கை அவர் தோள் உயரத்துக்கு வருகிறது. பின்னால் ஒரே ஒரு ஆள் உட்காருகிற கண்ணாடிக் கூண்டு தெரிகிறது.

பெரியவளே, ஒன்பதாவது படிக்கும் நீ அந்தப் போட்டோவைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போனது எனக்குத் தெரியாது. ஒரு வாரம் கழித்துச் சின்னவள்தான் சொன்னாள்.

"அப்பா, அக்காவ எல்லாரும் அட்டை பிளேனுன்னு கூப்புடுறாங்க."

அறிவியல் பாடத்தில் விமானம் பற்றி வந்ததாம். நீ எழுந்து, எங்க தாத்தா ஜெட்டுல வேலை பார்த்தவரு என்று போட்டோவைக் காட்டியிருக்கிறாய். உன் பக்கத்து பெஞ்சுப் பெண், "இத்தனூண்டாடீ பிளேனு? பொருட்காட்சி ராட்டினத்துல கழட்டிட்டு வந்ததா?" என்று கேட்டிருக்கிறாள். தாத்தா என்னிடம் சொல்லி, நான் உன்னிடம் சொன்ன இன்னொன்றையும் நீ சொல்லியிருக்கிறாய். அந்த விமானம் பறக்கும்போதே சக்கரத்தைப் பாதி இறக்கி வேகத்தைக் குறைக்கும் என்று. "பிரேக் இல்லாத சைக்கிள்ல காலை ஊனுவமே, அப்புடியா?" என்று அவள் கேட்க, வகுப்பே சிரித்திருக்கிறது. உங்கள் சார் சிரிக்கவில்லையாம். பொறுமையாகச் சொன்னாராம்: "அந்தக் காலத்துல போட்டோ ஸ்டுடியோவுல அட்டையில காரு, பிளேனு எல்லாம் செஞ்சு வச்சிருப்பாங்கம்மா. எல்லாரும் பக்கத்துல நின்னு எடுத்துக்குவாங்க. உங்க தாத்தா எடுத்ததும் அதுதான்."

சிரித்திருந்தால்கூட விட்டிருப்பேன். பொறுமையாகச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். போடிமெட்டு ரோட்டில் ஷெட்டு. எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகளின் பாடியைப் பின்பக்கம் வெட்டி நீட்டிக் கொடுப்பது, நசுங்கினதைத் தட்டி எடுப்பது, பெயின்ட் அடிப்பது. வெட்டுவதற்கு முன் ஷெட்டுத் தரையில் சாக்பீஸால் முழு அளவுக்கு வரைந்துவிடுவேன். தரையில் சரியாக வந்தால் தகரத்திலும் சரியாக வரும். இரும்பில் இத்தனை செய்கிறவன், ஒரு பிளாஸ்டிக் விமானத்தைச் செய்து உன் சார் மேஜையில் வைக்க முடியாதா என்று நினைத்தேன். பக்கத்தில் தாத்தாவையும் அதே அளவில் நிறுத்தினால், அந்த விமானம் எவ்வளவு சின்னது என்று யாருக்கும் புரியும்.

போனில் தேடி, துண்டு துண்டாக வரும் பெட்டி ஒன்றை வரவழைத்தேன். நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவு. பிரித்துப் பார்த்தால் இரண்டு சீட்டு. ஓட்டப் பழகுகிறவர்களுக்கான நேட் அது. உடம்பு நீளம், இறக்கை அகலம். ஒற்றை சீட்டுப் பெட்டி எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

ஷெட்டில் என்னோடு வேலை பார்க்கும் உங்கள் மாமா எட்டிப் பார்த்தான்.

"என்ன மச்சான், பழகுறவன் பிளேனா? பரவால்ல, நீங்களும் பழகுறவருதான. அப்புடியே ஒட்டுங்க. எவன் சீட்ட எண்ணப்போறான்?"

"போட்டோவுல ஒத்தச் சீட்டு மாப்ளே. ஒத்தச் சீட்டுத்தான் வரணும்."

"அப்ப வெட்டணும்ல?"

"வெட்டுவேன்."

"இத்தன வருசமா ஜீப்ப நீட்டுன பாவத்துக்கு பிளேன குட்டையாக்குறீகளாக்கும்!"

வெட்டினேன். நீளத்தையும் அகலத்தையும் பெரியவள் போனில் பார்த்து, நாற்பத்தெட்டால் வகுத்துக் கொடுத்தாள். ஒற்றை சீட்டு விமானம் முழு அளவில் இருபத்தெட்டரை அடி. இரண்டு ஜீப்பை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தும் நீளத்தைவிடக் கொஞ்சம்தான் கூட. பெட்டியில் வந்த உடம்பில் இரண்டு சென்டிமீட்டர் போக வேண்டும். உடம்பு பிளந்த பயறு மாதிரி இரண்டு பாதியாக இருந்தது. வளைவில் வெட்டாதே, நேராக ஓடுகிற இடத்தில் வெட்டு என்பது ஜீப்பில் எங்கள் சட்டம். அதே சட்டப்படி முன் சீட்டுக்குப் பின்னால் ரம்பத்தை வைத்தேன். பின் சீட்டு இருந்த துண்டு தனியே கழன்று விழுந்தபோது, உங்கள் மாமா "போச்சு" என்றான். இரண்டு முனையையும் சேர்த்துப் பார்த்தேன். ஒன்று தடி, ஒன்று மெலிவு. இடையில் படி விழுந்தது. பள்ளம் நிரப்பும் பட்டி வைத்து, உப்புத்தாள் தேய்த்து, மறுபடி பட்டி வைத்து, மூன்று ஞாயிற்றுக்கிழமை அதற்கே போனது. வாலையும் அரம் போட்டுக் குறைத்தேன்.

அடுத்து நான் செய்ததை ஜீப்பு பெயின்டர் தவிர வேறு எவனும் செய்யமாட்டான். பெயின்ட் அடிக்கும் முன் துணியைத் தின்னரில் நனைத்துத் துடைப்பது எங்கள் கைப்பழக்கம். தகரத்தில் பிசுக்குப் போகும்; பிளாஸ்டிக்கில் பிளாஸ்டிக்கே கரையும். இறக்கையை அளவுக்குக் குறைத்துத் தேய்த்து முடித்த சந்தோஷத்தில், கை தானாகத் தின்னர் டப்பாவுக்குப் போய்விட்டது. ஒரே இழுப்பு. துணி இறக்கையோடு ஒட்டிக்கொண்டது. பிரித்து எடுத்தால், துணியின் நூல் ஓட்டம் முழுக்க இறக்கையில் அச்சாகி, ஓரம் அப்பளம் மாதிரி சுருண்டு கிடந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டேன். உங்கள் அம்மாதான் பேசினாள்.

"ஆகாசத்துல போற பிளேனுக்கு ரெக்க ஒட்டுறாராம். இங்க ஃபேனு ரெண்டு மாசமா கீச்சு கீச்சுங்குது. அதுவும் ரெக்கதான?"

ஃபேனைச் சரிசெய்தேன். மறுநாள் ஷெட்டில் பழைய சாமான்களைக் கிளறியபோது, எப்போதோ குரங்கணி மலைக்குப் போகும் ஜீப்பு ஒன்றில் கழற்றிப் போட்ட அலுமினிய நம்பர் பிளேட் கிடைத்தது. மெல்லிசு. கத்தரிக்கோலுக்கு மசிந்தது. பெயின்ட்டைச் சுரண்டி, பளபளப்பு முகம் வெளியே வரும்படி மடித்துப் புது இறக்கை செய்தேன். பிளாஸ்டிக் இறக்கையைவிட இதுதான் நிஜத்துக்குப் பக்கம். தாத்தாவின் ஜெட்டும் பெயின்ட் இல்லாத வெள்ளித் தகடுதான்.

"போலீசு மறிச்சா பிளேனுக்கும் ஆர்சி புக்கு கேப்பான் மச்சான்" என்றான் உங்கள் மாமா. ஆனால் இறக்கை ஒட்டுகிறவரை அரை மணி நேரம் அசையாமல் பிடித்துக்கொண்டதும் அவன்தான்.

ஒற்றை ஆள் கண்ணாடிக்கு முள்முருங்கைக் கட்டையில் அச்சு செதுக்கி, குளிர்பான பாட்டிலை அதன்மேல் மாட்டிச் சூடு காட்டினேன். நாலு பாட்டில் கோணிக்கொண்டது. ஐந்தாவது கட்டையைக் கவ்விப் பிடித்தது. தாத்தாவுக்குச் செம்புக் கம்பியில் எலும்பு, மேலே பட்டி. சுண்டுவிரலில் முக்கால்வாசி உயரம். இறக்கை ஓரம் நிறுத்தினேன். தோளுக்குச் சரியாக வந்தது. போட்டோவை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அப்படியே வந்தது.

பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சியின் முதல் நாள், பெரியவளே, நீ அதைப் பெட்டியோடு கொண்டுபோனாய். சாயங்காலம் அதே பெட்டியோடு வந்தாய். மேஜையில் வைக்க விடவில்லை. சார் முதலில், கடையில் வாங்கினதை வைக்கக் கூடாது என்றாராம். அப்பா செய்தது என்றதும், பெற்றோர் செய்ததும் கூடாது என்றாராம். பிறகு பெட்டியின் மேல் படத்தைப் பார்த்து, "படத்துல ரெண்டு சீட்டு இருக்கு, இதுல ஒண்ணுதான் இருக்கு. செஞ்சதும் தப்பு" என்றாராம்.

"வாங்குனதுங்கிறாரு. தப்பா செஞ்சதுங்கிறாரு. ரெண்டுல எது ஆத்தா?" என்று நான் கேட்டேன்.

நீ சிரிக்கவில்லை. போட்டோவைப் பையிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினாய்.

"இத நீங்களே வச்சுக்கங்கப்பா. இனிமே தாத்தாவப் பத்தி நான் எங்கயும் பேசமாட்டேன்."

எனக்கு விமானம் மேஜையில் ஏறாதது பெரிதில்லை, ஆத்தா. அது தகரமும் பிளாஸ்டிக்கும். ஒரு மனுசன் காதைக் கொடுத்துப் பார்த்த வேலையை, அவர் பேத்தியே வாயால் சொல்ல வெட்கப்படுகிற மாதிரி ஆக்கிவிட்டார்களே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை.

மறுநாள் பெற்றோர் வந்து பார்க்கும் நாள். ஷெட்டில் வேலைக்கு நின்ற காலை டிரிப் ஜீப்புகளை அனுப்பிவிட்டு, கபடிக் கோடு போடுகிற சுண்ணாம்புப் பொடி ஒரு மூட்டை, நூல், முளைக்கம்பி, டேப்பு எல்லாம் விமானத்தோடு என் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, உங்களையும் கூட்டிக்கொண்டு போனேன். பள்ளிக்கூட கேட்டுக்கு எதிரே வண்டிகள் நிற்கும் பொட்டல் இருக்கிறதே, அங்கே இறங்கினேன். ஷெட்டுத் தரையில் செய்வதையே மண்ணில் செய்தேன். சின்னவள் விமானத்தை ஸ்கேலால் அளந்து சொல்ல, பெரியவள் நாற்பத்தெட்டால் பெருக்கிச் சொல்ல, நான் முளை அடித்து நூல் கட்டிச் சுண்ணாம்பு தூவினேன். முதலில் நீ தலையைக் குனிந்துகொண்டுதான் கணக்குச் சொன்னாய். உடம்பு முடிந்து இறக்கை விரிந்தபோது உன் குரல் ஏறியதை நான் கவனித்தேன்.

கூட்டம் கூடிவிட்டது. விமானத்தின் வயிற்றுக்குள் என் ஜீப்பை ஏற்றி நிறுத்தினேன். முன்னாலும் பின்னாலும் இடம் மிச்சம் இருந்தது. ஒரு டிரைவர், "என்னண்ணே, போடிமெட்டுக்கு இனி இதுலதான் லோடா?" என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அது வேறு சிரிப்பு. நானும் சிரித்தேன்.

சத்தம் கேட்டு உங்கள் சார் வெளியே வந்தார்.

"என்னங்க இது, கேட்டு முன்னாடி?"

"நேட்டு சார். முழு அளவு. போன்ல பாருங்க, எம்புட்டுன்னு."

பார்த்தார். நான் டேப்பின் முனையை அவரிடம் நீட்டினேன். "இத மூக்குல பிடிங்க சார்." பிடித்தார். நீ மறுமுனையை வாலுக்கு இழுத்துக்கொண்டு போய், ஊருக்கே கேட்கிற மாதிரி, "இருபத்தெட்டரை அடி" என்றாய்.

"சரி, நீளம் ஒத்துப்போகுது" என்றார் சார். "அதுக்காக அந்த போட்டோ..."

"ரெக்கையப் பாருங்க சார். இந்த முனையில இருந்து அந்த முனைக்கு இருபத்திரண்டு அடி. பிளேனுக்கு இது சின்னதுதான், ஒத்துக்கிறேன். ஆனா இத உள்ள வச்சுப் படம் எடுக்க எந்த ஸ்டுடியோ சார் இருக்கு நம்ம ஊருல?"

சார் என்னிடம் கையை நீட்டினார். போட்டோவை வாங்கி, இறக்கைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். தன் தோளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "நிஜமாத்தான் இருக்கும்போல. ஆனா எக்சிபிஷன் ரூல்னு ஒண்ணு இருக்குங்க" என்றார்.

"ரூல் ஒங்களோடது சார், வச்சுக்கங்க. பிளேனு எங்களோடது."

அதில் கொஞ்சம் காரம் கூடிவிட்டது என்று பிறகு உங்கள் அம்மா சொன்னாள். கூடட்டும்.

உன்னைக் கேலி செய்த பெண் கடைசியாக வந்தாள். கோட்டை மிதிக்காமல் சுற்றி வந்து, "உங்க தாத்தா எங்கடீ நின்னாரு?" என்று கேட்டாள். நீ போய் அந்த இடத்தில் நின்று காட்டினாய். "சக்கரம் எங்க இருக்கும்?" என்றாள். அதையும் காட்டினாய். பாதி இறக்கி வேகம் குறைக்கிற கதையை மறுபடி முதலிலிருந்து சொன்னாய். நான் ஜீப்பில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். தாத்தாவைப் பற்றி எங்கேயும் பேசமாட்டேன் என்றவள், தண்ணீர்கூடக் குடிக்காமல் பேசினாய்.

இதுவரை உங்களுக்குத் தெரியும். இனிமேல் நடந்தது தெரியாது.

உங்களை வீட்டில் இறக்கிவிட்ட பிறகுதான் முளைக்கம்பிகளை மறந்துவிட்டது ஞாபகம் வந்தது. திரும்பிப் போனேன். வெயில் தாழ்ந்திருந்தது. பொட்டலில் யாரும் இல்லை. விருந்தாளி யாருடைய காரோ நிற்பதற்காக விமானத்தின் மூக்கை விளக்குமாறு போட்டுப் பெருக்கித் தள்ளியிருந்தார்கள். கண்ணாடிக் கூண்டுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அந்த இடத்தில் கார் டயர்த் தடம்.

மூட்டையின் அடியில் கொஞ்சம் சுண்ணாம்பு இருந்தது. நூலைக் கட்டி, முட்டி போட்டு, மூக்கை மறுபடி போட்டேன். டேப்பை வைத்துப் பார்த்தால் நாலு இஞ்சு கூடியிருந்தது. காலால் அதை அழித்துவிட்டு, சரியான இடத்தில் போட்டுவிட்டு வந்தேன்.